வெள்ளித்திரையில் விண்வெளி

பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டங்களை நோக்கி ஏறிச் செல்லும் பாதையில் மாலை வேளையில் நடந்து பழகியவர்கள், ஓவியர் ஒருவர் பல்லாண்டு பயின்று அறியும் உண்மையொன்றை எவரிடமும் கல்லாமலே அறிந்திருப்பார்கள். பனிமூட்டம் இறங்கத் தொடங்கியதும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போகின்றன. அண்மையிலுள்ள தேயிலைச் சரிவு கரும்பச்சை. அதற்கு அப்பாலுள்ள மலை நீலம். அதற்கும் அப்பால் சாம்பல். கடைசியில் மலை எது, வானம் எது என்று பிரித்தறிய இயலாத வெண்மை. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வறண்ட காற்று வீசும்போதோ, நேற்றுவரை எட்டாத் தொலைவில் நின்ற மலை இன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பதுபோலத் தோன்றும். மலை நகர்வதில்லை, இடையே நிற்கும் காற்றுத்தான் தெளிகின்றது.

தூரம் என்பதைக் கண் அளப்பது பெரும்பாலும் காற்றைக் கொண்டுதான். அவ்வாறாயின், காற்றே இல்லாத ஓர் இடத்தைத் திரைப்படத்தில் காட்ட நேர்ந்தால் என்ன செய்வது? சந்திரனில் பத்து மைலுக்கு அப்பாலுள்ள மலையும் பத்து அடிக்கு முன்னாலுள்ள கல்லும் ஒரே கூர்மையுடன் தெரியும். அந்தப் பத்து மைலை, நூறு அடி நீளமுள்ள ஒரு ஸ்டூடியோக் கொட்டகைக்குள், வர்ணத்தையும் சாந்தையும் மரப்பலகையையும் கொண்டு உண்டாக்க வேண்டும். விண்வெளிப் படங்களின் கலை முழுவதும் இந்த ஒரு சங்கடத்திலிருந்து பிறந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

முன்னோடிகள் இச்சங்கடத்தைப் பொருட்படுத்தவில்லை. பிரெஞ்சுக்காரரான ஜோர்ஜ் மெலியே 1902இல் தயாரித்த சந்திரப் பயணப் படத்தில் சந்திரனுக்கு மனித முகம் இருந்தது. ராக்கெட் அதன் கண்ணிலேயே சென்று தைத்தது. மெலியே மேடையில் மாயவித்தை காட்டியவர். அவருக்கு வேண்டியிருந்தது வியப்பேயன்றி உண்மையன்று. உண்மையையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை 1929இல் ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் எடுத்த ‘சந்திரனில் ஒரு பெண்’ என்னும் படத்தில் தெளிவாக வெளிப்பட்டது. ராக்கெட் விஞ்ஞானத்தின் மூலவர்களுள் ஒருவரான ஹெர்மன் ஒபெர்த் அப்படத்துக்கு ஆலோசகராக இருந்தார். ராக்கெட் புறப்படுமுன் எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வரும் வழக்கம், பார்ப்போர் நெஞ்சில் பரபரப்பை உண்டாக்குவதற்காக அந்தப் படத்திலே கையாளப்பட்ட உத்தியாகும். மெய்யான ராக்கெட் தளங்களில் அது பின்னாளிலேயே வழக்கமாயிற்று.

பிறகு வந்தவர் செஸ்லி பொனெஸ்டெல். கட்டடக் கலை பயின்ற இந்த அமெரிக்கர், ஹொலிவூட்டில் காட்சிகளின் பின்னணியைக் கண்ணாடித் தகட்டின் மேல் தீட்டும் பணியில் கைதேர்ந்தவர். 1944இல் ‘லைஃப்’ சஞ்சிகையில், சனிக் கிரகத்தை அதன் துணைக்கோள்களிலிருந்து நோக்கினால் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதைத் தொடர் ஓவியங்களாகத் தீட்டினார். அவை கற்பனை ஓவியங்களாகத் தோன்றவில்லை. யாரோ சென்று எடுத்து வந்த புகைப்படங்கள் போலத் தோன்றின. கட்டடக் கலைஞருக்குரிய கணக்குடன் கோணங்களையும் பருமன்களையும் அளந்து வரைந்தமையே அதற்குக் காரணம்.

1950இல் ஜோர்ஜ் பால் தயாரித்த ‘சந்திரனை நோக்கி’ என்னும் பொருள்படும் ‘டெஸ்டினேஷன் மூன்’ படத்துக்குச் சந்திரனின் நிலப்பரப்பைத் தீட்டியவர் பொனெஸ்டெல்தான். அங்கே ஒரு பூசல் எழுந்தது. கலை இயக்குநர் ஸ்டூடியோத் தரையில் அமைத்த சந்திர நிலத்தில், வறண்ட குளத்துச் சேறு வெடித்ததுபோலப் பிளவுகளை அமைத்தார். அருகில் பெரிய பிளவுகள், தொலைவில் சிறிய பிளவுகள் என்று அமைத்தால், சிறிய கொட்டகைக்குள் பெரிய சமவெளி இருப்பதுபோலக் கண் ஏமாறும். பொனெஸ்டெல் இதை ஏற்கவில்லை. நீர் இல்லாத சந்திரனில் சேறு எங்கிருந்து வந்தது, வெடிப்பதற்கு? அவர் வாதம் விஞ்ஞானத்துக்கு உகந்தது. மற்றவர் வாதம் படச்சுருளுக்கு உகந்தது. பிளவுகளே நிலைத்தன. தொலைவில் நடமாடும் விண்வெளி வீரர்களாகக் குள்ளமான நடிகர்களைச் சிறிய உடைகளில் நிறுத்தியதும் அதே நோக்கத்தினாலேதான். வானத்து நட்சத்திரங்களாக ஒளிர்ந்தவை மோட்டார் வண்டி முன்விளக்கின் சிறு குமிழ்கள். பனிமூட்டம் செய்யும் வேலையை, பனிமூட்டமின்றிச் செய்வதற்கு இத்தனை பாடு!

தமிழ்த் திரையுலகும் இம்முயற்சியிலிருந்து முற்றாக ஒதுங்கி நிற்கவில்லை. சேலத்து மொடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கருடன் கூட்டாக 1952இல் வெளியிட்ட ‘காடு’ என்னும் படத்தில், அழிந்துபோன பண்டைய கம்பளி யானைகள் வந்தன. அவை நம் நாட்டு யானைகளே. உடல் முழுவதும் மயிர்ப்போர்வை போர்த்தப்பட்டவை. விண்வெளியைத் தொட்ட தமிழ்ப் படம் 1963இல் வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம். ஜி. ராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ அது. வேற்றுக் கிரகவாசிகள் விஞ்ஞானத்தில் மிக முன்னேறியவர்கள். ஆனால் ஆடலும் பாடலும் அறியாதவர்கள். பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, தங்கள் மக்களுக்கு இசை பயிற்றுவதற்காகக் கலையில் வல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கிறார்கள். ஹொலிவூட்டின் கிரகவாசிகள் பூமியின் நிலத்தையும் நீரையும் அபகரிக்க வந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ்ப் படத்துக் கிரகவாசிகள் சங்கீதத்தை அபகரிக்க வந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. யூரி ககாரின் விண்ணில் வலம் வந்து ஈராண்டுகளே கழிந்திருந்தன. அவர் 1961 டிசம்பரில் இலங்கைக்கும் வந்து சென்றிருந்தார். சென்னையில் தயாராகும் படங்கள் மலையக நகரங்களின் கொட்டகைகளுக்கும் வந்து ஓடிய காலம் அது.

அப்படத்தின் தட்டும் கிரகமும் இன்றைய கண்ணுக்கு எளிமையாகவே தோன்றும். எனினும் தமிழ்ப் படக் கலைஞர்கள் ஒரு வித்தையில் எவருக்கும் சளைத்தவர்களல்லர். இரட்டை வேடம்தான் அது. ‘நாடோடி மன்னன்’ படத்தில் 1958இல் மன்னனும் நாடோடியும் எதிரெதிரே நின்று பேசியதைக் கண்டவர்கள் பலர். கமராவின் கண்ணில் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருவராகப் படம் பிடிப்பார்கள். பின்னர் படச்சுருளை அதே அளவுக்குப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, மற்றவராகப் படம் பிடிப்பார்கள். கமரா மயிரிழையும் அசையக் கூடாது. ஒளி படாத இடம் வெற்றிடமாகவே காத்திருக்கும் என்பது இதன் தத்துவம். இத்தத்துவம் மீண்டும் ஓரிடத்தில் வரவிருக்கிறது.

இனி இலங்கைக்கு வரலாம். ஆங்கில எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க் 1956இல் இத்தீவுக்கு வந்து, 2008 மார்ச் 19ஆம் திகதி கொழும்பில் மறையும்வரை இதனையே தம் இல்லமாகக் கொண்டார். விண்வெளியை எழுதியவர் கடலைத் தேடி இங்கு வந்தது ஏன்? எடையற்ற நிலைக்கு மிக அண்மையான அனுபவம் நீருக்குள் மூழ்கி நீந்துவதிலேதான் கிடைக்கும் என்று அவர் கருதினார். அவருடன் வந்த மைக் வில்சன், 1962இல் ‘ரன் முத்து தூவ’ என்னும் சிங்களப் படத்தை இயக்கினார். இலங்கையில் உருவான முதல் வர்ணக் கதைப்படம் அதுவே. திருகோணமலைக் கடலுக்கடியில் எடுக்கப்பட்ட காட்சிகள் அதன் சிறப்பு. மனித உடல் எடையின்றி மிதப்பதை இலங்கை ரசிகர்கள் திரையில் முதன்முதலாக வர்ணத்தில் கண்டது வானத்தில் அன்று. கோணேசர் மலையடிவாரக் கடலில்தான்.

இரண்டாண்டுகள் கழித்து, 1964 ஏப்ரலில், கிளார்க் நியூயோர்க்கில் ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் விளைவே ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. படப்பிடிப்பு 1965 டிசம்பர் 29ஆம் திகதி இங்கிலாந்தில் தொடங்கியது. படம் 1968 ஏப்ரலில் வெளியாயிற்று. நடிகர்கள் நடித்த பகுதி சில மாதங்களில் முடிந்தது. தந்திரக் காட்சிகள் மட்டும் ஏறத்தாழ ஈராண்டு காலத்தை விழுங்கின. அத்தகைய காட்சிகள் 205 என்பர்.

அப்படத்தின் முதற் பகுதி ஆதிமனிதக் குரங்குகளின் ஆபிரிக்கப் பாலைநிலத்தில் நிகழ்கின்றது. உண்மையில் எல்லாம் ஸ்டூடியோவுக்குள்ளேதான். ஆபிரிக்காவில் எடுத்துவந்த பெரிய நிழற்படங்களை, 40 அடி உயரமுள்ள திரையொன்றின் மேல் முன்புறமிருந்தே வீழ்த்தினார்கள். முன்புறமிருந்து வீழ்த்தினால் நடிகரின் மேலும் படம் விழாதா, அவர் நிழல் திரையில் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை, இரவில் தோட்டத்துப் பாதையில் டோர்ச் விளக்குடன் சென்ற எவருக்கும் தெரிந்த ஒன்றிலே இருக்கிறது. விளக்கொளி பட்டதும் புதருக்குள்ளிருக்கும் சிறுத்தையின் கண்கள் இரண்டு தணல்கள் போல ஒளிர்கின்றன. பக்கத்தில் விளக்கின்றி நிற்பவருக்கு அவை அவ்வளவு ஒளிர்வதில்லை. விளக்கைக் கண்ணருகே பிடித்திருப்பவருக்கே ஒளிர்கின்றன. அக்கண்கள் ஒளியை நாலாபுறமும் சிதறாமல், வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன.

குப்ரிக்கின் திரையும் அத்தகையது. மிகச் சிறிய கண்ணாடி மணிகள் பதித்த துணி அது. கமராவுக்கு முன்னால் ஒளியைப் பாதி ஊடுருவ விடும் கண்ணாடியொன்றைச் சாய்த்து வைத்து, படத்தை வீழ்த்தும் கருவியின் ஒளியைக் கமராவின் பார்வைக் கோட்டிலேயே செலுத்தினார்கள். திரையிலிருந்து ஒளி நேரே கமராவுக்குத் திரும்பியது. நடிகரின் உடலில் விழுந்த ஒளியோ சிதறி மங்கிப் போயிற்று. நடிகரின் நிழல் அவர் முதுகுக்குப் பின்னாலேயே மறைந்துவிட்டது. துணியை வரிசையாக ஒட்டியபோது ஒட்டுக்கோடுகள் வானத்தில் தெரிந்தன. எனவே அதைக் கிழித்து, ஒழுங்கற்ற துண்டுகளாக ஒட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே காட்சியில் உயிருள்ள சிறுத்தையொன்று நடித்தது. அதன் கண்கள் திரையைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்பிப் பளபளவென்று ஒளிர்ந்தன. யாரும் திட்டமிடாத அழகு அது. படத்தில் அப்படியே நிலைத்துவிட்டது.

விண்கலங்களுக்கு வருவோம். ‘டிஸ்கவரி’ என்னும் கலத்தின் பெரிய மாதிரி 54 அடி நீளமுள்ளது. அதன் மேற்பரப்பை நிறைத்த குழாய்களும் மூடிகளும் பெட்டிகளும், கடைகளில் சிறுவர்களுக்கு விற்கும் பிளாஸ்டிக் விமான, டாங்கிப் பொம்மைகளின் உறுப்புகள். மாதிரிகளுக்கு ஒரே திசையிலிருந்து, ஒரே கடுமையான ஒளியைக் கொடுத்தார்கள். விண்வெளியில் சூரியன் ஒன்றுதான்; ஆகவே நிழலும் ஒன்றுதான், அதுவும் மைபோலக் கறுத்த நிழல். பல விளக்குகளை வைத்துப் பழகிய ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு முன் இந்த எளிய உண்மையில்தான் பெரும்பாலும் வழுக்கினார்கள். சிறிய பொருள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அதன் முனையும் அடியும் ஒருங்கே கூர்மையாகத் தெரிய வேண்டும். அதற்காகக் கமராவின் துவாரத்தை மிகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பல விநாடிகள் ஒளி கொடுத்தார்கள். கமரா கண்ணுக்குத் தெரியாத மெதுவில் நகர்ந்தது. திரையில் சில விநாடிகள் மிதந்து போகும் கலத்தைப் பதிவு செய்ய மணிக்கணக்காயிற்று.

அந்தக் கலங்களின் சாளரங்களுக்குள் சிறிய மனிதர்கள் நடமாடுவது தெரியும். இங்கேதான் பழைய இரட்டை வேடத் தத்துவம் திரும்ப வருகின்றது. முதலில் சாளரங்களைக் கறுப்பாக விட்டு மாதிரியைப் படம் பிடித்தார்கள். பின்னர் சுருளைத் திருப்பி, மாதிரி முழுவதையும் கறுப்புத் துணியால் மூடி, சாளரங்களில் மட்டும் மனிதர்களின் படத்தை வீழ்த்தி, அதே சுருளில் மறுபடியும் பதிந்தார்கள். மன்னனையும் நாடோடியையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திய சென்னைக் கலைஞர் ஒருவர் இதைப் பார்த்திருந்தால், பணச்செலவைக் கண்டு திகைத்திருப்பாரேயன்றி வித்தையைக் கண்டு திகைத்திருக்க மாட்டார். முதற் பதிவு முடிந்த நெகட்டிவ்களைக் கழுவாமலே மாதக்கணக்காக வைத்திருந்து, நட்சத்திரங்களைப் பிறகு சேர்த்தார்கள். படியெடுத்தால் கூர்மை குறையும் என்ற அச்சமே காரணம். ஒரு கை தவறினால் பல மாத உழைப்பு வீண்.

எடையற்ற நிலையைக் காட்டிய உபாயங்களோ குழந்தை விளையாட்டுப் போன்றவை. காற்றில் மிதக்கும் பேனா, பெரிய கண்ணாடி வட்டமொன்றில் ஒட்டப்பட்டது. கண்ணாடியை மெல்லச் சுழற்றினார்கள், அவ்வளவுதான். கலத்துக்கு வெளியே மிதக்கும் வீரர் கூரையிலிருந்து கம்பியில் தொங்கினார். கமரா அவருக்கு நேர் கீழே இருந்தமையால் அவர் உடலே கம்பியை மறைத்துக்கொண்டது. சோவியத் இயக்குநர் பாவெல் குளுஷான்செவ் 1957இல் வெளியிட்ட ‘நட்சத்திரங்களுக்கு ஒரு பாதை’ என்னும் படத்தில் இம்முறையை ஏற்கெனவே அழகாகக் கையாண்டிருந்தார். சொல்வதற்கு எளிது, தொங்கியவருக்கு எளிதன்று. பில் வெஸ்டன் என்னும் சாகசக் கலைஞர், கீழே வலைகூட இல்லாமல் காற்றுப் புகாத தலைக்கவசத்துடன் உயரத்தில் தொங்கி, ஒருமுறை மூச்சுத் திணறி மயங்கியும் போனார். கலத்தின் உள்ளே வீரர்கள் வட்டமாக ஓடும் அறை, விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ரோங் நிறுவனம் 750,000 டொலர் செலவில் கட்டிய 38 அடி விட்டமுள்ள உருளை. உருளைதான் சுழன்றது, நடிகர் கூண்டுச் சக்கரத்து அணிலைப் போல அடியிலேயே நடந்துகொண்டிருந்தார்.

இவ்வளவு உண்மைப் பற்றுடையவர்களும் ஓரிடத்தில் உண்மையை விட்டுக்கொடுத்தார்கள். ‘டிஸ்கவரி’ போன்ற அணுசக்திக் கலம் தன் வெப்பத்தை வெளியேற்ற அகன்ற தகடுகளைக் கொண்டிருக்க வேண்டும். ஹரி லாங்கே, பிரெட்ரிக் ஒர்ட்வே ஆகியோரின் ஆரம்ப வரைபடங்களில் அவை இருந்தன. காற்றில்லாத வெளியில் இறக்கை எதற்கு என்று பார்ப்போர் மயங்கக்கூடும் என்பதால் அவை நீக்கப்பட்டன. கதையின்படி கலம் செல்ல வேண்டிய இடம் சனிக் கிரகம். அதன் வளையங்களை நம்பத்தக்கவாறு அமைக்க முடியாமற் போகவே, படம் வியாழனோடு நின்றது. கிளார்க்கின் நாவலிலோ கலம் சனிக்கே செல்கின்றது. முயன்று தோற்றதை மழுப்பிக் காட்டாமல் கைவிட்டது பாராட்டத்தக்கதே.

சந்திரனின் மலைகளில் மட்டும் அவர்களும் அவர்களுக்கு முன்னிருந்தோரும் ஒருங்கே தவறினார்கள். பொனெஸ்டெலின் சந்திரனிலும் குப்ரிக்கின் சந்திரனிலும் மலைகள் ஈட்டிமுனை போன்றவை. காற்றும் மழையும் இல்லாத இடத்தில் மலையைத் தேய்ப்பது எது என்று அவர்கள் எண்ணினார்கள். 1969 ஜூலையில் மனிதர் சந்திரனில் இறங்கினர். தொடர்ந்து வந்த அப்பொலோப் படங்களில் அம்மலைகள் உருண்டு திரண்டு, ஊவாவின் பத்தனைக் குன்றுகள் போலக் காட்சியளித்தன. கோடானுகோடி ஆண்டுகளாக விழும் நுண்ணிய விண்கற்களே மழையின் வேலையைச் செய்து முடித்திருந்தன.

1969இல் ஒஸ்கார் பரிசளிப்பில் தந்திரக் காட்சிகளுக்கான பரிசு அப்படத்துக்குக் கிடைத்தது. அது ஸ்டான்லி குப்ரிக் ஒருவரின் பெயருக்கே வழங்கப்பட்டது. அவர் தம் வாழ்நாளில் பெற்ற ஒரேயொரு ஒஸ்காரும் அதுவே. படத்தின் பெயர்ப்பட்டியலில் தந்திரக் காட்சிகளின் மேற்பார்வையாளர்களாக வாலி வீவர்ஸ், டக்ளஸ் டிரம்புல், கொன் பெடர்சன், டொம் ஹோவர்ட் என நால்வர் பெயர்கள் உள்ளன. இறுதிப் பகுதியில் ஒளிக்கோடுகள் இருபுறமும் பாய்ந்து வரும் புகழ்பெற்ற காட்சி டிரம்புலின் கைவண்ணம். ஒடுங்கிய பிளவொன்றின் பின்னே ஓவியத்தை நகர்த்தி, கமராவின் கண்ணை மூடாமலே அதை நோக்கிச் செலுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடம் செலவிட்டு எடுத்தது அது. அப்பொழுது அவருக்கு வயது இருபதுகளில்தான். குப்ரிக்கின் கண்ணும் பிடிவாதமும் இன்றி அப்படம் இல்லை என்பது உண்மை. எனினும், தேயிலைப் பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயரைக் கண்டு, கொழுந்து பறித்த கையின் பெயரைத் தேடுபவர்களுக்கு அந்தப் பரிசு சற்று உறுத்தவே செய்யும்.

மாதிரிகளின் கதியும் அத்தகையதே. பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. சந்திரனுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ‘ஏரிஸ்’ என்னும் உருண்டைக் கலத்தின் மாதிரி மட்டும் இங்கிலாந்தில் ஓர் ஆசிரியரிடம் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இருந்தது. 2015இல் ஏலத்துக்கு வந்தபோது, ஒஸ்கார் வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கழகமே அதனை 344,000 டொலருக்கு வாங்கிக்கொண்டது.

கிளார்க்கின் தொடர்கதையான ‘2010’ பீற்றர் ஹையம்ஸின் இயக்கத்தில் 1984இல் படமாகியது. இம்முறை கதாசிரியர் கொழும்பை விட்டு நகரவில்லை. லொஸ் ஏஞ்சலிஸிலிருந்த இயக்குநரும் கொழும்பிலிருந்த கிளார்க்கும் கணினி வழியே நாள்தோறும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள்; அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. மின்னஞ்சல் என்ற சொல்லையே உலகம் அறியாத நாளில், ஒரு விண்வெளிப் படத்தின் ஐயங்கள் கொழும்பு வீடொன்றின் தொலைபேசிக் கம்பி வழியாகத் தீர்ந்துகொண்டிருந்தன.

பொனெஸ்டெல் 1944இல் தீட்டிய ஓவியங்களுள் மிகப் புகழ்பெற்றது, டைட்டன் என்னும் துணைக்கோளிலிருந்து சனியை நோக்கும் காட்சி. பனி படிந்த பாறைகளுக்கு மேலே, தெளிந்த நீல வானத்தில், வளையத்துடன் கூடிய சனி பிரமாண்டமாகத் தொங்குகின்றது. அந்த ஓவியத்தைப் பார்த்து விண்வெளி விஞ்ஞானத்தைத் தம் தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. 2005 ஜனவரி 14ஆம் திகதி ஹைகன்ஸ் என்னும் ஆய்வுக்கலம் டைட்டனில் மெய்யாகவே இறங்கிப் படங்களை அனுப்பியது. அங்கே நீல வானம் இல்லை, சனியும் தெரியவில்லை. நீரோட்டத்தில் தேய்ந்தவை போன்ற உருண்டைக் கற்கள் கிடந்தன. அவற்றுக்கு அப்பால், மாலை நேரத்து ஸ்பிரிங்வெளிப் பாதையில் போலவே, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு செம்மஞ்சள் நிறமான பனிமூட்டம் நின்றது.